பதினான்காம் எண் வீட்டின் கணுக்கால்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐன் ஸெதீரா மருத்துவமனையின் கூட்ட அறையில் இருந்தவர்கள்:

டாக்டர் ஷாக்கெர், தலைநகரிலிருந்து வந்தவர், எலும்பு முறிவுக் கணக்கெடுப்புக் குழுவின் தலைவர்.

ஸீ முந்திர், எங்கள் இயக்குநர். எங்கள் பக்கத்தில் ஆணுக்கு 'ஸீ', பெண்ணுக்கு 'லல்லா' என்பது மரியாதைச் சொல். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது.

டாக்டர் ரஜா, எலும்பு அறுவை மருத்துவர். இந்த மாவட்டத்துக்கே இந்தப் பெண்மணி ஒருவர்தான்.

லஸ்ஹர், வார்டு ஊழியர். முன்பு பேரீச்சை மரம் ஏறியவர். வலது கணுக்கால் மடங்காது.

ஸால்ஹா, பேரீச்சைக் கிடங்கில் பழம் தரம் பிரிப்பவர். அவரை யாரும் அழைக்கவில்லை. வந்து உட்கார்ந்திருந்தார்.

நான், அவசரப் பிரிவில் இரவுப் பதிவேடு எழுதுபவன்.

வராதவர் ஒருவர்: ஸால்ஹாவின் கணவர் ஜிலானி. நடைகூடத்தின் மறுபக்கம், ஆறாம் படுக்கையில், இடது காலை இரண்டு தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார்.

வெளியே முற்றத்தில் ஒரு லாரி நின்றது. அறுவையின்போதே எலும்பைத் திரையில் காட்டும் எக்ஸ்ரே இயந்திரம் ஒன்று எங்களிடம் எட்டு மாதமாக இருந்தது. அதை ஏற்றிக்கொண்டு கடற்கரை நகரமான ஸ்ஃபாக்ஸுக்குப் போகத்தான் லாரி வந்திருந்தது. ஓட்டுநர் டயர் நிழலில் உட்கார்ந்து ரொட்டியை ஹரீஸா மிளகாய் விழுதில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

ஜிலானி விழுந்தது திங்கட்கிழமை மதியம். எங்கள் பக்கத்தில் உயரமான மரத்தில் குலை வெட்டும்போது ஒருவர் உச்சியில் இருப்பார். அவருக்குக் கீழே மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் தலைக்குக் கீழ் ஒருவராக நான்கைந்து பேர் நிற்பார்கள். குலை கைக்குக் கை இறங்கி வரும். பழத்தில் மண் படக் கூடாது, அவ்வளவுதான் காரணம். அன்று உச்சியில் இருந்தவனின் கால் வழுக்கியது. அவன் மட்டையைப் பிடித்துத் தப்பித்தான். குலை தப்பவில்லை. பதினைந்து கிலோ குலை தரையிலிருந்து மூன்றாவது ஆளாக நின்ற ஜிலானியின் தோளில் விழுந்தது. அவர் காய்ந்த வாய்க்காலுக்குள் ஒற்றைக் காலில் இறங்கினார்.

கணுக்காலுக்குள் இருக்கும் எலும்பு முறிந்து, ஒரு துண்டு பின்பக்கம் நகர்ந்துவிட்டது. டாக்டர் ரஜா மாலையில் இழுத்து வைக்கப் பார்த்தார். வரவில்லை. அந்த எலும்புக்கு இரத்தம் போகும் வழியே குறைவு. நேரம் போகப் போக அதுவும் நின்றுபோகும். பிறகு எலும்பு காலுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். காலையில் தோல் வெளுத்து, மேளத்தோல் போல இறுகியிருந்தது. மயக்க மருந்து கொடுப்பவர் பக்கத்து மாவட்டத்திலிருந்து பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. அதற்குள் இயந்திரம் லாரியில் ஏறிவிடும். ஜிலானிக்கு நாற்பத்தொரு வயது. மரம் ஏறுவதைத் தவிர வேறு வேலை தெரியாது.

டாக்டர் ஷாக்கெர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவெல்லாம் காரில் வந்த களைப்பிலும் சட்டையைக் கசங்காமல் வைத்திருந்தார். அட்டவணைக் காகிதங்களை மேசையில் பரப்பிவிட்டு, அதையே சுவர்த் திரையிலும் காட்டினார்.

"நாட்டை நாலு பகுதியாப் பிரிச்சோம். வயசு வந்தவங்களோட கணுக்கால் முறிவு, அஞ்சு வருஷக் கணக்கு. வடக்கு மலைப்பக்கம் பாருங்க. அறுபது தாண்டின பெண்கள், குளிர்காலம், வீட்டுக்குள்ள வழுக்கி விழுறது. தலைநகர்ல இளவட்டம், மோட்டார் சைக்கிள், கால்பந்து. கடற்கரைதான் எல்லாத்துலயும் அதிகம். கடைசியா தெற்கு. உங்க மாவட்டம் மொத்தம்." விரலைத் திரையில் வைத்தார். "பதினொண்ணு."

"பதினொண்ணு ஒரு மாசத்துக்கா?" என்று கேட்டார் லஸ்ஹர்.

"அஞ்சு வருஷத்துக்கு."

லஸ்ஹர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். "அப்ப இது யாரோட கால்னு தெரியல, டாக்டர். யாராவது மாத்தி வச்சிட்டாங்களோ."

ஸீ முந்திர் தொண்டையைச் செருமினார். டாக்டர் ஷாக்கெர் சிரிக்க முயன்றார். "நாங்களும் ஆச்சரியப்பட்டோம். அறிக்கையில ஒரு பக்கம் இதுக்காகவே எழுதியிருக்கோம். தெற்குல மணல்ல வெறுங்கால்ல நடக்கிறது கணுக்காலைச் சுத்தி இருக்கிற தசையை வலுவாக்குது. உணவும் ஒரு காரணமா இருக்கலாம். பேரீச்சை, ஒட்டகப் பால்."

"ஒட்டகப் பால் நான் கடைசியாக் குடிச்சது ஒரு கல்யாணத்துல. வயித்தால போச்சு" என்றார் ஸால்ஹா.

"கேலி வேண்டாம், லல்லா. எண்ணிக்கைதான் முடிவு பண்ணுது. பதினொரு பேருக்காக ஒரு இயந்திரத்தை இங்க நிறுத்தி வைக்க முடியாது. ரெண்டாயிரம் பேர் காத்திருக்கிற இடத்துக்குப் போகணும். உத்தரவு போன வாரமே கையெழுத்தாயிடுச்சு."

டாக்டர் ரஜா நாற்காலியை முன்னால் இழுத்தார். "ஆறாம் படுக்கையில ஒருத்தர் இருக்கார். பதினொரு மணிக்கு உள்ள எடுத்துட்டுப் போறேன். அந்த மிஷின் இல்லாம என்னால அந்த எலும்பை நேரா வைக்க முடியாது."

"ஆம்புலன்ஸ்ல ஸ்ஃபாக்ஸுக்கு அனுப்புங்க. நாலு மணி நேரம்தானே."

"போய்ச் சேர நாலு. அங்க வரிசை எத்தனை மணி நேரம்? அந்தத் தோல் அவ்வளவு தாங்காது. கிழிஞ்சா காலையே எடுக்கணும்."

"டாக்டர் ரஜா, உங்க வருத்தம் புரியுது. ஒரு நோயாளியை வச்சு நான் அட்டவணையை மாத்த முடியாது."

ஸால்ஹா கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தார். பழச்சாறு ஊறிக் கறுத்த விரல்கள். அவர் அழவில்லை. "ஒரு நோயாளி" என்ற சொல்லை மட்டும் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

நான் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டில் மருத்துவப் படிப்பை விட்டுவிட்டேன். அதற்குள் எண்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆறு வருடமாக இரவில் பெயரும் வயதும் எழுதுகிறேன். எழுதும்போது யோசிப்பதில்லை. அன்று தூங்காத கண்ணோடு யோசித்தேன். அட்டவணைக்குக் கீழே மாதவாரி வரைபடத்தில் கடற்கரைக்கான கோடு வருடம் முழுவதும் சமமாகப் போய், அக்டோபரிலும் நவம்பரிலும் மட்டும் மேலே எழும்பி இறங்கியது. ஐந்து வருடமும் அப்படியே.

"கடற்கரையில அக்டோபர், நவம்பர்ல மட்டும் ஏன் கூடுது?" என்று கேட்டேன்.

அவர் என்னை யாரென்று தெரியாமல் பார்த்தார். ஸீ முந்திர், "இவன் ராத்திரி எழுதுற பையன், டாக்டர்" என்றார். எனக்கு முப்பத்து நான்கு வயது.

"முதல் மழை" என்றார் டாக்டர் ஷாக்கெர். "சாலை வழுக்கும். மோட்டார் சைக்கிள்."

"ஆனா அந்த ரெண்டு மாசத்து ஆளுங்க இளவட்டம் இல்லையே. முப்பதுலேந்து அம்பத்தஞ்சு. எல்லாம் ஆம்பளைங்க."

அவர் திரையில் வயதுப் பத்தியை மறுபடி பார்த்தார். நேர்மையான ஆள். மறைக்கவில்லை. "அதை நாங்களும் கவனிச்சோம். தேடிப் பாத்தப்ப ஒரு காரணம் கிடைச்சுது. நிறைய முறிவு குறிப்பிட்ட சில முகவரியிலேயே வருது. அதுல ஒரு வீடு மட்டும் தனியாத் தெரியுது." அடுத்த பக்கத்துக்குப் போனார். "ஸ்ஃபாக்ஸ்ல எண்ணெய் ஆலைச் சாலை, எண் பதினாலு. அந்த ஒரு வீட்டுல அஞ்சு வருஷத்துல இருபத்து மூணு கணுக்கால். ஆபத்தான படிக்கட்டுன்னு முடிவு பண்ணி நகராட்சிக்கு எழுதினோம். கைப்பிடி வைக்கச் சொல்லி."

ஸால்ஹா சிரித்தார். முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு தலைமுக்காட்டின் நுனியை வாயில் வைத்து அழுத்தியும் அடங்கவில்லை. லஸ்ஹர் கூரையைப் பார்த்தார். என் காது சூடாகியது.

"என்ன லல்லா?"

"ஒண்ணுமில்ல, டாக்டர். அந்தப் படிக்கட்டைப் பத்தி வீட்டுக்காரிகிட்டயே கேப்போம். என் அக்கா நஸீஹாதான்."

தொலைபேசியை எடுத்து, ஒலியைக் கூட்டி, மேசை நடுவில் வைத்தார். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் குரல் வந்தது. பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம்.

"ஸால்ஹா? ஜிலானிக்கு என்ன ஆச்சு? ராத்திரியெல்லாம் தூங்கல நான்."

"இன்னும் உள்ள போகல. அக்கா, உன் வீட்டுல எத்தனை படி?"

"என்ன படி?"

"படிக்கட்டு. ஏறுறது."

"வாசல்ல ஒரு கல்லு கிடக்கு, அதைச் சேத்தா ஒண்ணு. நீயுமாடி? நோன்புக்கு முன்னால நகராட்சியிலேந்து ஒருத்தன் டேப்பை எடுத்துட்டு வந்தான். மேடம், படிக்கட்டு எங்கன்னு கேட்டான். நீ கட்டிக் குடு, ஏறிக் காட்டுறேன்னேன். வீடு முழுக்கத் தேடினான். கட்டிலுக்கு அடியில கூடப் பாத்தான். போகும்போது மெதுவா, உங்க வீட்டுல எல்லாரும் குடிப்பாங்களான்னு கேக்குறான். நான் ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவ."

டாக்டர் ஷாக்கெர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நஸீஹாக்கா, நான் உண்மையைச் சொல்லப்போறேன். உன் அட்ரஸைத்தான் எல்லாருக்கும் குடுத்தோம்னு. உனக்கு வம்பு வரும்."

தண்ணீர் நின்றது. "எதுக்குச் சொல்லணும்?"

"நாம சொல்லாம விட்டதால இங்க யாருக்கும் காலே உடையலைன்னு எழுதி வச்சிருக்காங்க. அதனால மிஷினைத் தூக்கிட்டுப் போறாங்க. அவருக்கு இன்னைக்கு வேணும் அது."

"தூக்க வந்தவன் அங்கதான் இருக்கானா?"

"எதிர்ல."

"அப்பச் சொல்லு. சத்தமாச் சொல்லு. வர்றவன் வரட்டும். படிக்கட்டே இல்லாத வீட்டுலேந்து என்னை எப்படி உருட்டுறாங்கன்னு பாக்குறேன்."

இதில் புதிர் ஒன்றுமில்லை. எங்கள் பேரீச்சை அறுவடை அக்டோபரிலும் நவம்பரிலும்தான். இயந்திரம் வருவதற்கு முன் எங்களிடம் எலும்பு மருத்துவர் இல்லை. கால் உடைந்தால் ஸ்ஃபாக்ஸ்தான். அங்கே பெரிய மருத்துவமனையில் வேறு மாவட்டத்துக்காரனைச் சேர்க்க எங்கள் மாவட்டத்துக் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு மூன்று நாள் ஆகும். உள்ளூர்க்காரன் என்றால் கடிதம் இல்லாமலே சேர்த்துக்கொள்வார்கள். அதனால் எங்கள் ஆட்கள் ஸ்ஃபாக்ஸில் இருக்கும் அக்கா, சித்தப்பா, முன்பு சேர்ந்து வேலை செய்தவன் என்று யார் முகவரியையாவது சொன்னார்கள். யாரும் இல்லாதவர்கள் நஸீஹா வீட்டைச் சொன்னார்கள். உடைந்த காலைக் காரின் பின்சீட்டில் நீட்டிக்கொண்டு, வழியெல்லாம் "எண்ணெய் ஆலைச் சாலை பதினாலு" என்று மனப்பாடம் செய்துகொண்டே போவார்கள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம். ஒவ்வொரு பொய்யும் எங்கள் ஊரிலிருந்து ஒரு காலை எடுத்துக் கடற்கரைக் கணக்கில் சேர்த்தது.

லஸ்ஹர் எழுந்தார். வலது கால் செருப்பைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டி, மடங்காத காலைத் தூக்கி அட்டவணைக் காகிதங்களின் மேல் வைத்தார். கணுக்காலின் இருபக்கமும் ஊதா நிறத் தழும்பு.

"நாலாம் வருஷம், நவம்பர் ஒம்போது. அந்த இருபத்து மூணுல நான் ஒருத்தன். ஸ்ஃபாக்ஸ் போய்ச் சேந்து, ரெண்டு நாள் நடைகூடத்துல கிடந்தேன். எடுத்துப் பாத்தப்ப உள்ள எலும்பு செத்துப்போச்சு. படிக்கட்டுல விழுந்தேன்னு நான்தான் சொன்னேன். எப்படி விழுந்தேன்னு கேட்டாங்க, சட்டுன்னு வேற ஒண்ணும் தோணல."

"ஸீ லஸ்ஹர், காலை எடுங்க" என்றார் இயக்குநர். முகம் வெளிறியிருந்தது. "நீங்க என்ன சொல்றீங்கன்னு புரியுதா? பொய் முகவரி குடுத்து அரசாங்கச் சிகிச்சை வாங்குறது குற்றம். இலவச மருத்துவ அட்டையைப் பறிச்சுடுவாங்க. டாக்டர், இது எனக்குத் தெரியவே தெரியாது. எழுதிக்குங்க."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

ஸீ முந்திர் என் பக்கம் திரும்பினார். "நீ சும்மா இரு."

"அந்தப் பதினொண்ணுல என் பங்கும் இருக்கு. பொழுது சாய்ஞ்ச பிறகுதான் தோட்டத்துலேந்து கொண்டு வருவாங்க. எக்ஸ்ரே அறை பூட்டியிருக்கும். படம் இல்லாம முறிவுன்னு எழுதக் கூடாதுன்னு உத்தரவு. வலி, சொந்த விருப்பத்துல வெளியேறினார்னு எழுதுவேன். எழுதிட்டு நானே சொல்லுவேன், ஸ்ஃபாக்ஸ் போங்க, பதினாலாம் எண்ணைச் சொல்லுங்கன்னு. எத்தனை பேருக்குச் சொன்னேன்னு பதிவேட்டுல எண்ணலாம். அக்டோபர்லேந்து ஆரம்பிங்க."

இதைச் சொன்னதும் ஏதோ பாரம் இறங்கியதுபோல் இருந்தது என்று எழுதினால் அது பொய். வேலை போகும் என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

ஸால்ஹா அட்டவணைக் காகிதம் ஒன்றை எடுத்துத் திருப்பி, என் பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதத் தொடங்கினார். பெயர், மாதம், எந்தத் தோட்டம். சில இடத்தில் மரத்தைக்கூடச் சொன்னார். "ஹாஜ் பௌராவி தோட்டம், கிணத்துக்குப் பக்கத்து மரம், சாஞ்சது. அந்த மரம் மட்டும் மூணு பேர்." இருபதுவரை நிற்காமல் போனார். மீதி மூன்றை லஸ்ஹர் நினைவுபடுத்தினார். அடியில் ஸால்ஹா தன் முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டார். லஸ்ஹர் போட்டார். நான் போட்டேன்.

டாக்டர் ஷாக்கெர் அதை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். இரண்டு முறை.

"இது உண்மைன்னு நான் நம்புறேன்" என்றார். "வெறுங்கால் பத்தின பக்கத்தை எடுத்துடுறேன். அடுத்த வருஷக் கணக்கெடுப்புல சிகிச்சை எடுத்த இடத்தை இல்ல, விழுந்த இடத்தைக் கேக்கச் சொல்றேன். என்னால முடிஞ்சது அது. உத்தரவு என் கையில இல்ல. லாரி இன்னைக்குத் திரும்பியாகணும்."

"அடுத்த வருஷம்" என்றார் ஸால்ஹா.

"மன்னிச்சுக்கங்க, லல்லா."

"மன்னிப்பெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. நான் கேட்டு வரல. சொல்லத்தான் வந்தேன். எங்க கால் உங்க காகிதத்துல இல்லைன்னா, உங்க உத்தரவும் எங்க கணக்குல இல்ல. அவர் இன்னைக்கு உள்ள போறாரு." எழுந்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தார்.

டாக்டர் ரஜா கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். முற்றத்தில் ஒரு கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மயக்க மருந்துக்காரர்.

"இயந்திரத்தை வெளிய விடணும்னா பொறுப்புல இருக்கிறவங்க ஒப்படைப்புத் தாள்ல கையெழுத்துப் போடணும். பொறுப்புல இருக்கிறது நான்" என்றார். "நான் போடல."

"டாக்டர் ரஜா, இதை நான் எழுதி அனுப்பவேண்டி வரும்."

"அனுப்புங்க. என்னை எங்க மாத்துவாங்க? இதுக்கும் தெற்கே ராணுவ முகாம்தான் இருக்கு. அங்கயும் கால் உடையும்."

"ரஜா, மகளே" என்று ஸீ முந்திர் பாதி எழுந்தார். "எனக்கு எட்டு மாசம்தான் இருக்கு."

"ஸீ முந்திர், நீங்க உக்காருங்க. உங்ககிட்ட யாரும் கையெழுத்துக் கேக்கல."

நாங்கள் நடைகூடத்துக்கு வந்தபோது லாரி ஓட்டுநர் வாயைத் துடைத்தபடி தாளோடு நின்றார். ஸ்ஃபாக்ஸ்காரர், பருத்த ஆள்.

"எங்க ஏத்தணும்? யார் கையெழுத்து?"

"கையெழுத்து இல்ல" என்றார் டாக்டர் ரஜா, நிற்காமல்.

"கையெழுத்து இல்லாம ஒரு ஆணியைக்கூட நான் தொட மாட்டேன். போன தடவை ஒரு ஃப்ரிட்ஜுக்கு நான் பட்ட பாடு. அப்ப காத்திருக்கவா?"

"டீ குடிங்க. ரொம்ப நேரம் ஆகும்" என்றார் லஸ்ஹர்.

ஆறாம் படுக்கையில் ஜிலானி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. மனைவியைப் பார்த்ததும், "எல்லாம் கேட்டுச்சு" என்றார். "சுவர் மெலிசு. இருபத்து மூணு பேரையும் போட்டுக் குடுத்துட்டியா?"

"இருபத்து நாலு. உன்னையும் சேத்து எழுதினேன். உனக்கு மட்டும்தான் சரியான அட்ரஸ்."

"இனிமே கிடங்குல உன்னோட யார் பேசுவா?"

"பேச வேண்டாம். வேலை வேகமா முடியும்."

அவர் சிரிக்கப் போய் வலியில் முகம் கோணினார். லஸ்ஹர் படுக்கையின் சக்கரத் தடையை விடுவித்தார். அது சக்கரத்தில் நகர்ந்தது. லஸ்ஹர் தள்ளினார், வலது காலை இழுத்து இழுத்து. நான் காலடிப் பக்கம் பிடித்துக்கொண்டேன். தலையணை மேல் இருந்த பாதம் என் முகத்துக்கு நேரே இருந்தது. வீங்கி, பளபளத்து, விரல் நுனியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது.

கூட்ட அறை வாசலில் டாக்டர் ஷாக்கெர் நின்றிருந்தார். கையில் ஸால்ஹாவின் தாள். வழிமறிக்கவில்லை, நகரவும் இல்லை. சக்கரம் அவர் ஷூவைத் தொட்டபோது சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஜிலானியின் பாதத்தைப் பார்த்தார். மருத்துவர் பார்க்கும் பார்வை. நிறத்தைப் பார்த்தார், தோலைப் பார்த்தார். "வேகமாப் போங்க" என்றார், குறிப்பாக யாரிடம் என்றில்லாமல்.

ஸீ முந்திர் பின்னாலிருந்து, "கதவைத் திறந்தே வைங்க, லாரிக்காரர் எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஸால்ஹா திரும்பி நடைகூடத்தின் நடுவில் நின்றார். அகலமான பெண். அவரைச் சுற்றிப்போக ஸீ முந்திருக்கு இடம் இல்லை.

அறுவை அரங்கின் உள்ளே இயந்திரம் வளைந்த கையை நீட்டி நின்றது. அதன் பக்கத்தில் மயக்க மருந்துக்காரர் ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தார். டாக்டர் ரஜா முழங்கைவரை சோப்பு நுரையோடு, "உள்ள கொண்டு வாங்க" என்றார். வாசல் விளிம்பில் சக்கரம் ஒருமுறை தடுக்கியது. ஜிலானி முனகினார். லஸ்ஹர் தூக்கித் தாண்ட வைத்து, என் கையை விலக்கிவிட்டுத் தானும் உள்ளே போனார்.

"இந்தக் கதவுச் சாவி எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் என்னிடம். கதவு மூடியது. உள்ளேயிருந்து பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பியது.